தீவு நாடுகள் கேட்பது தானம் அல்ல, நியாயமான கடன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாலத்தீவு மூழ்கப் போகிறது, துவாலு மூழ்கப் போகிறது என்று நம் தமிழ்ப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது, படத்தோடு வருகிறது. ஆனால் இந்தச் சின்னத் தீவு நாடுகளின் கழுத்தை இன்றைக்கே நெரித்துக்கொண்டிருப்பது கடன். அதைப் பற்றி நான் தமிழில் படித்தது மிகக் குறைவு. வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், பேசாமல் இருக்க முடியவில்லை.

கரீபியன் கடலில் டொமினிகா என்று ஒரு தீவு. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி ஒரே இரவில் அங்கே செய்த சேதம், அந்த நாடு ஓராண்டு முழுக்க உழைத்துச் சம்பாதிப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பக்கத்துக் கிரெனடாவுக்கு 2004இல் இவான் புயலில் இதே கதிதான். வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் திரும்பக் கட்டக் கடன் வாங்குகிறார்கள், அந்தக் கடன் அடைவதற்குள் அடுத்த புயல் வந்துவிடுகிறது. இத்தனைக்கும் உலகம் வெளியிடும் கரியமிலப் புகையில் எல்லாத் தீவு நாடுகளையும் சேர்த்தாலும் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே.

சரி, குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடன் கிடைக்கிறதா என்றால், பெரும்பாலும் தனிநபர் வருமானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆன்டிகுவா-பார்புடாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் இர்மா புயல் அடித்து பார்புடா தீவில் இருந்த மொத்த ஜனங்களையும் வெளியேற்ற வேண்டியிருந்தது. அதே நாட்டை 2022இல், வருமானம் கூடிவிட்டது என்று சொல்லி, வளர்ச்சி உதவி பெறத் தகுதியுள்ள நாடுகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் நாட்டில் நாலு பெரிய ஓட்டல் நன்றாக நடந்தால் சராசரி ஏறிவிடும், அடுத்த புயலில் அந்த ஓட்டல்களே நிற்காமல் போகலாம் என்பது அந்தச் சராசரியில் தெரியாது. உலக வங்கி கிரெனடா, டொமினிகா போன்ற சில தீவுகளுக்கு விதிவிலக்காகச் சலுகைக் கடன் தருகிறது, உண்மைதான். ஆனால் எல்லாத் தீவுகளுக்கும் பொதுவான விதியாக அது இல்லை.

மழை பொய்த்து வறட்சி என்று அறிவித்தால் நம் ஊர் வங்கிகள் பயிர்க்கடன் தவணையைத் தள்ளிவைத்து, கடனை மாற்றியமைத்துத் தருகின்றன. அந்த வருஷமே கட்டு என்று விவசாயியை யாரும் நெருக்குவதில்லை. கிரெனடா இதையே கேட்டு வாங்கியது. 2015இல் பழைய கடனை மாற்றியமைத்தபோது, பெரும் புயல் அடித்தால் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதவைத்தார்கள். 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடாவைச் சேர்ந்த கரியாகூ தீவைத் துவம்சம் செய்தது, ஆகஸ்டில் அந்த நிபந்தனையைப் பயன்படுத்தி, கட்ட வேண்டிய பணத்தைச் சொந்த ஜனங்களுக்குத் திருப்பிவிட முடிந்தது. பார்படோஸ் பிரதமர் மியா மோட்லி பல வருஷமாக எல்லா மேடையிலும் இதைத்தான் கேட்கிறார். உலக வங்கி 2023இல் இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதித்தது. கடன் கொடுக்கும் தனியாரிடமும் இது கட்டாயமாக வேண்டும் என்பது என் கருத்து. இந்த நிபந்தனையில் அசலையோ வட்டியையோ தள்ளுபடி செய்யச் சொல்லவில்லையே, எழுந்து நிற்க அவகாசம்தானே கேட்கிறார்கள்.

அப்புறம், அளவுகோல். வருமானத்தை மட்டும் பார்க்காதீர்கள், புயல், தூரம், இறக்குமதியை நம்பியிருப்பது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள் என்று ஒரு பாதிப்புக் குறியீட்டை 2024 ஆகஸ்டில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. ஆனால் விரும்பியவர்கள் பயன்படுத்தலாம் என்ற அளவில்தான் அது நிற்கிறது.

இங்கேதான் டெல்லிக்கு வேலை இருக்கிறது. பேரிடரைத் தாங்கும் கட்டமைப்புக்காக இந்தியா 2019இல் தொடங்கிய கூட்டணியின் தலைமையகம் இதே ஊரில்தான் இருக்கிறது, அதன் வழியாகத் தீவு நாடுகளுக்கென்றே 2021இல் கிளாஸ்கோவில் ஒரு திட்டம் அறிவித்தார்கள், நல்ல விஷயம். 2023 செப்டம்பரில் ஜி20 மாநாட்டுக்காக ஊரில் பாதிச் சாலைகளை மூடியிருந்தது இங்கிருக்கும் நம் ஆட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மாநாட்டில்தான் ஆப்பிரிக்க ஒன்றியம் உறுப்பினராகச் சேர்ந்தது, அந்த ஒன்றியத்தின் அன்றைய தலைவராக வந்து இடத்தில் அமர்ந்தவர் கொமொரோஸ் என்ற சின்னத் தீவு நாட்டின் அதிபர் அசாலி அசௌமானி. ஆனால் கரீபியன், பசிபிக் தீவுகளுக்கு அங்கே அப்படி ஓர் இடம் இன்னும் இல்லை.

நமக்கு இதில் சொந்தமும் உண்டு. மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, தைப்பூசத்துக்கு அங்கே அரசு விடுமுறை. பிஜியிலும் செஷல்ஸிலும் நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள்.

உலக வங்கியிலும் ஆசிய வளர்ச்சி வங்கியிலும் இந்தியா முக்கியமான பங்குதாரர். அந்தப் பாதிப்புக் குறியீட்டைக் கடன் தகுதிக்குப் பயன்படுத்த வேண்டும் என்று அங்கே நம் பிரதிநிதிகள் வெளிப்படையாகக் கேட்கிறார்களா? தமிழக எம்.பி.க்கள் யாராவது நாடாளுமன்றத்தில் நிதி அமைச்சரிடம் இதைக் கேள்வியாக வைக்க வேண்டும். உங்கள் டெல்லி நிருபர் அதற்கு வரும் பதிலை விவரமாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
மயூர் விகார், டெல்லி