மு.வ.வை மூன்று இடத்தில் தேட வேண்டியிருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வட ஆர்க்காட்டு மண்ணில் பிறந்த எழுத்தாளர் மு.வ.வின் நூல்களைத் தேடிக் கிளை நூலகம் ஒன்றுக்குப் போனேன். பதிவேட்டில் 'மு.வ.', 'மு.வரதராசன்', 'வரதராசனார், மு.' என மூன்று இடங்களில் இருக்கிறார். ஒன்றில் தேடினால் மற்ற இரண்டிலுள்ள புத்தகங்கள் கண்ணில் படாது. தலைப்பெழுத்தோடு பெயர் எழுதும் நமக்கு இது தீராத சிக்கல். எப்படித் தேடினாலும் ஒரே பெயருக்குக் கொண்டுசேர்க்கும் குறிப்பு இருந்தால் போதும். பதிவேடு அட்டைகளில் இருந்தாலும் கணினியில் இருந்தாலும் விதி ஒன்றுதான்.

கையில் கிடைத்த பிரதியில் கிழிசலுக்கெல்லாம் செல்லோடேப். அதன் பசை நாளடைவில் மஞ்சளாகித் தாளையே கெடுத்துவிடும். மெல்லிய தாளும் மாவுப்பசையும் கொண்டு ஒட்டுவதே நல்லது. நூலகரைக் குறை சொல்லவில்லை, யார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் முன்னின்று உழைத்த சென்னை நூலகச் சங்கம் 1928இல் தொடங்கியது. பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. அந்த மரபில் வந்த நூலகர் சங்கங்கள் வேலூரிலும் குடியாத்தத்திலும் பயிற்சி முகாம் நடத்த வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம் என்ற அறிவிப்பையாவது ஒவ்வொரு கிளையிலும் ஒட்டிவையுங்கள்.

- ஒரு வாசகர், வேலூர் மாவட்டம்