இருப்பிடம் பகிரும் பக்கத்தின் கோளாறால் சாலையோர உதவி கிடைக்காதது குறித்த புகார்

அனுப்புநர்:
ஆண்டுச் சந்தா வாடிக்கையாளர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சென்னை.

பொருள்: இருப்பிடம் பகிரும் இணையப் பக்கம் சரிவரச் செயல்படாததால் ரெக்கவரி வண்டி (பழுதான வாகனத்தை ஏற்றிச் செல்லும் வண்டி) வந்து சேராதது, செலவுத் தொகையைத் திருப்பித் தரவும் பக்கத்தைச் சீரமைக்கவும் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சென்னையிலிருந்து திருச்சி திரும்பும் வழியில், பெரம்பலூரைத் தாண்டிப் பாடாலூர் வருவதற்கு முன்பாகத் தேசிய நெடுஞ்சாலை 38-இல் எங்கள் கார் கிளட்ச் பழுதாகி நின்றுவிட்டது. தங்கள் உதவி மையத்தை அழைத்து, அருகிலிருந்த கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், திருச்சி நோக்கிச் செல்லும் பக்கத்தில் நிற்கிறோம் என்பதையும் தெரிவித்தேன். வாய்மொழியாகச் சொல்லும் இடத்தைப் பதிவு செய்ய வழியில்லை என்றும், குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொட்டு இருப்பிடத்தைப் பகிர்ந்தால்தான் வண்டி ஒதுக்கப்படும் என்றும் ஊழியர் கூறினார். அவர் மரியாதையாகவே பேசினார். அவர் கையைக் கட்டிப்போட்டிருப்பது தங்கள் விதி.

இணைப்பைத் திறந்து, உலாவி (பிரவுசர்) கேட்ட அனுமதியைக் கொடுத்தேன். சில விநாடிகளில் "இருப்பிடத்தைப் பெற இயலவில்லை, ஜிபிஎஸ்ஸை இயக்கவும்" என்ற செய்தி வந்தது. ஜிபிஎஸ் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. சற்று நேரம் கழித்து வரைபடச் செயலியைத் திறந்தபோது நாங்கள் நின்ற இடம் சாலையின் மேலேயே சரியாகத் தெரிந்தது. உடனே தங்கள் இணைப்பை மீண்டும் திறந்தால், அது காலாவதியாகிவிட்டதாகப் பதில் வந்தது. அதாவது, பக்கம் தோற்றாலும் இணைப்பு செலவாகிவிடுகிறது. மறுபடி மையத்தை அழைத்து, வரிசையில் காத்திருந்து, புதிய இணைப்பைக் கேட்டு வாங்க வேண்டும். ஃபோனை அணைத்துப் போடுங்கள், உலாவியின் வரலாற்றை அழியுங்கள் என்று ஊழியர் சொன்ன யோசனைகள் இந்தக் கோளாறோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவை. இருட்டிக்கொண்டு வரும் வேளையில், கனரக வண்டிகள் விரையும் சாலையோரத்தில், மிச்சமிருக்கும் பேட்டரியை அவற்றில் செலவழிக்கச் சொல்வது பொறுப்பான ஆலோசனை ஆகாது.

நான் இணையதள நிரலாக்கத் தொழிலில் இருப்பவன் என்பதால், ஊர் திரும்பிய பின் அந்தப் பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்தேன். இருப்பிடத்தைத் தர உலாவிக்கு 5 விநாடிகள் மட்டுமே அவகாசம் கொடுக்கப்பட்டுள்ளது; சற்று முன் கிடைத்த இருப்பிடம் கையில் இருந்தாலும் அதை ஏற்கக் கூடாது என்றும் எழுதப்பட்டுள்ளது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 விநாடிகளுக்கு ஒருமுறைதான் முழுமையாக அனுப்புகிறது. நகரத்தில் அந்த விவரம் மொபைல் இணையம் வழியாக முன்கூட்டியே ஃபோனுக்கு வந்துவிடுவதால் தாமதம் தெரிவதில்லை. சிக்னல் மெலிந்த நெடுஞ்சாலையில், அதுவரை ஜிபிஎஸ்ஸைப் பயன்படுத்தாத ஒரு ஃபோனுக்கு அரை நிமிடமோ அதற்கு மேலோ பிடிக்கலாம். வண்டி பழுதாகி நிற்பவருக்கென்றே உருவாக்கிய பக்கம் அத்தகைய சாலையில்தான் வேலை செய்தாக வேண்டும் என்பது, அந்த 5 விநாடியை முடிவு செய்தவருக்குத் தோன்றாமல் போனது வியப்பளிக்கிறது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இருப்பிடம் கிடைக்காதபோது உலாவி காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது: எண் 1 என்றால் அனுமதி மறுக்கப்பட்டது, 2 என்றால் கருவியால் இடத்தைக் கண்டறிய முடியவில்லை, 3 என்றால் அவகாசம் முடிந்துவிட்டது. மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. தங்கள் பக்கமோ மூன்றையும் ஒரே செய்திக்குள் அடைத்து, ஜிபிஎஸ்ஸை இயக்கச் சொல்கிறது. வேண்டுமென்றே அனுமதியை மறுத்தும் சோதித்தேன். அப்போதும் அதே செய்திதான். ஒருமுறை மறுத்துவிட்டால் உலாவி பெரும்பாலும் அந்தத் தளத்துக்காக மறுபடி அனுமதி கேட்காது. அப்போது உலாவியின் தள அமைப்புகளில் இருப்பிட அனுமதியை வாடிக்கையாளரே மாற்ற வேண்டும். பதற்றத்தில் தவறான பொத்தானைத் தொட்டுவிட்ட முதியவர் ஒருவர், ஜிபிஎஸ்ஸை அணைத்தும் இயக்கியும் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் சாலையில் நிற்பார் என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

அன்று மாலை, வேறு ஃபோன் இருக்கிறதா என்று ஊழியர் கேட்டதால் என் மனைவியின் எண்ணுக்கு இணைப்பைப் பெற்றோம். "தங்கள் இருப்பிடம் வெற்றிகரமாகப் பெறப்பட்டது" என்று உறுதிச் செய்தியும் வந்தது. ஆனால் ரெக்கவரி வண்டி சென்று நின்றதோ நெடுஞ்சாலையிலிருந்து வெகுவாக விலகிய ஒரு கிராமச் சாலையில். காரணம் எளிது. ஆண்ட்ராய்டு 12 முதல், ஒரு செயலிக்குத் துல்லியமான இருப்பிடத்தைத் தருவதா, தோராயமானதைத் தருவதா என்று பயனர் தேர்ந்தெடுக்கலாம். ஐஃபோனில் ஐஓஎஸ் 14 முதல் அதே வசதி இருக்கிறது. என் மனைவி தம் உலாவிக்குத் தோராய இருப்பிடம் போதும் என்று வைத்திருந்தார். அது அவர் உரிமை. ஆண்ட்ராய்டில் தோராய இருப்பிடம் ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ ஓரிடம் என்றுதான் பொருள்படும். ஒவ்வொரு இருப்பிடத்துடனும் அது எத்தனை மீட்டர் வரை பிசகக்கூடும் என்ற அளவையும் உலாவி தருகிறது. தங்கள் நிரல் அந்த அளவைத் தூக்கி எறிந்துவிட்டு, அட்சரேகை தீர்க்கரேகைகளை மட்டும் மையத்துக்கு அனுப்புகிறது. அந்த அளவைப் பார்த்திருந்தால், துல்லிய இருப்பிடத்தை இயக்குமாறு ஒரு வரியில் கேட்டிருக்கலாம்.

வண்டி ஓட்டுநர் எங்களை அழைத்தார். கல்லின் எண்ணைச் சொன்னதும் இடம் புரிந்துவிட்டது என்றார். ஆனால் மையம் இடத்தை மாற்றித் தராமல் தம்மால் நகர முடியாது என்றார். மையம் மாற்ற மறுத்தது. பிறகு, வாடிக்கையாளர் அவ்விடத்தில் இல்லை என்று எழுதி என் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது. பெரம்பலூரிலிருந்து தனியார் ரெக்கவரி வண்டியை வரவழைத்து ரூ. 4,500 செலுத்தித்தான் ஊர் வந்து சேர்ந்தோம்.

பின்னர் வீட்டு மேசைக் கணினியிலிருந்து அதே உதவிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். திருச்சியில் இருக்கும் என்னைச் சென்னையில் காட்டியது. கணினியில் பொதுவாக ஜிபிஎஸ் இருப்பதில்லை. சுற்றியுள்ள வைஃபை கருவிகளைக் கொண்டோ, அதுவும் இல்லாதபோது இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியைக் கொண்டோ உலாவி இடத்தை ஊகிக்கிறது. அந்த ஊகம் தவறுவது இயல்பு, அதில் குறையில்லை. ஆனால் வரைபடத்தில் உள்ள குறியை இழுத்துச் சரியான இடத்தில் வைக்கவோ, முகவரியைத் தட்டச்சு செய்யவோ வழி தராமல், "உறுதிப்படுத்து" என்ற ஒரே பொத்தானை நீட்டுவது தங்கள் பக்கத்தின் குறை.

இணைப்பு சரிவராதவர்கள் தங்கள் செயலியை நிறுவி, இருப்பிட அனுமதியை "எப்போதும்" என்று வைக்க வேண்டும் என்றும் எனக்குச் சொல்லப்பட்டது. நின்றுபோன வண்டியின் இடத்தை அறிய, செயலி பயன்பாட்டில் உள்ளபோது மட்டும் தரும் அனுமதியே போதுமானது. ஆண்டு முழுவதும் நான் எங்கே போகிறேன் என்பதைத் தங்கள் நிறுவனம் ஏன் அறிய வேண்டும் என்பதற்கும் விளக்கம் கோருகிறேன்.

ஆகவே, நான் செலுத்திய ரூ. 4,500-ஐத் திருப்பித் தருமாறும், வாடிக்கையாளர் இல்லை என்ற தவறான பதிவை நீக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தைப் பொறுத்தவரை, அவகாசத்தைக் குறைந்தது ஒரு நிமிடமாக்கி, தோல்விக்கான காரணத்தை உள்ளபடியே தமிழில் சொல்லி, தோராய இருப்பிடத்தை அடையாளம் கண்டு எச்சரித்து, ஒரே இணைப்பைப் பலமுறை திறக்க அனுமதிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிலோமீட்டர் கல், சுங்கச்சாவடி, ஊர்ப் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளும் அதிகாரம் உதவி மைய ஊழியருக்கு வேண்டும். நடுவே தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை, சில மீட்டர் பிசகினாலே குழம்பிவிடும் ஜிபிஎஸ்ஸைவிட அங்கே நிற்பவரே தெளிவாகச் சொல்வார்.

ரசீதின் நகலையும் குறுஞ்செய்திகளின் திரைப்பிடிப்புகளையும் இத்துடன் அனுப்பியுள்ளேன். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் இதைச் சேவைக் குறைபாடாகக் கருதி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும், திருச்சிராப்பள்ளி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ஆண்டுச் சந்தா வாடிக்கையாளர்