உயிர் காலேஜுக்கு எங்கள் கரையிலிருந்து ஒரு விண்ணப்பம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காணும் பொங்கலன்று வண்டலூர் உயிரியல் பூங்காவில் எத்தனை ஆயிரம் பேர் கூடினார்கள் என்ற செய்தி ஆண்டுதோறும் நாளிதழ்களில் தவறாமல் வருகிறது. அவர்கள் அங்கே எதைத் தெரிந்துகொண்டு திரும்பினார்கள் என்று ஒரு செய்தியும் நான் படித்ததாக நினைவில்லை. இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன், மாணவர்களை அந்தப் பூங்காவுக்குப் பலமுறை அழைத்துச் சென்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பழைய சென்னைவாசிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். இராமேசுவரம் ரயிலேறிப் பட்டணம் பார்த்துவந்த எங்கள் ஊர்ப் பெரியவர்களும் அந்தப் பெயர்களையே சொல்லக் கேட்டிருக்கிறேன். கேலியாகத் தோன்றினாலும், இரண்டுமே படிக்கப் போகும் இடங்கள் என்ற எண்ணம் அந்தப் பேச்சுவழக்கில் இருக்கிறது. வரலாறும் அதற்கு ஒத்தே வருகிறது. 1851இல் தொடங்கப்பட்ட சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர். அங்கே உயிருள்ள விலங்குகள் சிலவற்றை வைத்தபோது அவற்றைக் காணவே மக்கள் திரண்டு வருவதைக் கவனித்த அவர், கர்நாடக (ஆற்காடு) நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளையும் கேட்டுப் பெற்று, 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு காட்சிசாலையை அமைத்தார். ஓராண்டுக்குள் அங்கிருந்த உயிரினங்களின் எண்ணிக்கை முந்நூறைக் கடந்தது. 1860களின் தொடக்கத்தில் அது சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம்பெயர்ந்து, மாநகராட்சியின் பொறுப்பில் நூறாண்டுக்கு மேல் நடந்தது.

எங்கள் கரைப் பேச்சில் சொல்வதானால், பால்ஃபருக்குப் புலி வெறும் இரை, பாடம்தான் தூண்டில் முள். இரையைப் பார்த்து வந்த கூட்டம் அப்படியே பக்கத்துக் கூடத்திலிருந்த கல்லையும் எலும்பையும் பார்த்துப் போகட்டும் என்பதே அவருடைய கணக்கு. இன்று இரையை மட்டும் வீசிவிட்டு, முள் கட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் இருக்கிறோம் என்பது என் குறை.

பூங்காவைக் குறைசொல்ல நான் வரவில்லை. நகர நெரிசலுக்குள் கம்பிக்கூண்டுகளில் இருந்த விலங்குகளுக்காக 1976இல் வண்டலூர்க் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கி, 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்த அந்த இடம், காட்சிசாலை என்பதன் பொருளையே மாற்றியது. கம்பிக்குப் பதிலாக அகழி வந்தது. விலங்குக்கு மரநிழலும், வேண்டாதபோது மறைந்துகொள்ள ஓர் இடமும் கிடைத்தன. ஆனால் இந்த மாற்றம் ஏன் வந்தது என்பதை அங்கே போகும் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. "புலி புதருக்குள்ள போயிருச்சு சார், டிக்கெட் காசு தண்டம்" என்று என் மாணவர்களே முணுமுணுத்திருக்கிறார்கள். மறைந்திருப்பதுதான் புலியின் இயல்பு, அது கண்ணில் படாமல் போனதே இன்றைய பாடம் என்று அந்த நேரத்தில் எடுத்துச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. 500 கிலோமீட்டருக்கு மேல் இரவெல்லாம் பேருந்தில் போய், மூன்று மணி நேரத்தில் சுற்றிமுடித்து, அடுத்து மெரினாவுக்கு ஓடும் சுற்றுலாவில் ஆசிரியருக்குத் தலை எண்ணுவதே பெரும் வேலை. (பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதறியாமல் ஒருமுறை பூட்டிய வாயிலைப் பார்த்துத் திரும்பிய அனுபவமும் எனக்கு உண்டு.)

ஆனாலும் ஒரு கேள்வியை இன்றுவரை மறக்க முடியவில்லை. நீர்யானைக் குளத்தருகே எல்லோரும் கத்திக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தபோது, மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் மட்டும் சுவரில் கையூன்றி, தண்ணீருக்கு மேல் மூக்கை நீட்டி அது மூச்சுவிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "சார், இது நம்ம ஆவுளியாவுக்குச் சொந்தமா?" என்று கேட்டான். கடற்பசுவைத்தான் எங்கள் பக்கத்தில் ஆவுளியா என்கிறார்கள். கடற்புல்லை மேய்ந்துவிட்டு மூச்சுக்காக மேலே வரும் அந்த விலங்கைப் பற்றி அவன் தாத்தா சொல்லியிருக்க வேண்டும். நான் பதில் சொல்லாமல், பேருந்து காத்திருக்கிறது என்று அவனை விரட்டினேன். ஆவுளியாவுக்கு நெருங்கிய உறவு நீர்யானை அல்ல, யானை என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே படித்தேன். அன்றைக்கு யானையைக் காட்டியும் சொல்லியிருக்கலாம்.

சென்னையின் அந்த நிறுவனங்களுக்கும் எங்கள் கடலுக்கும் உள்ள தொடர்பு புதிதன்று. அருங்காட்சியகத்தின் பிற்காலப் பொறுப்பாளரான எட்கர் தர்ஸ்டன் இராமேசுவரத்துக்கு வந்து மன்னார் வளைகுடா உயிரினங்களை ஆராய்ந்தவர். மெரினாவில் 1909இல் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போரின்போது மூடப்பட்ட மீன்காட்சிசாலையும் அவருடைய முயற்சியில் உருவானதே. எங்கள் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி 1927இல் அந்த அருங்காட்சியகம் தனி வெளியீடே கொண்டுவந்தது. இங்கே மண்டபம் என்ற ஊரிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில், 1960களில் இரண்டு கடற்பசுக்கள் வளர்க்கப்பட்டன. இவை எதுவும் தெரியாமலே எங்கள் பிள்ளைகள் வெள்ளைப்புலி பார்க்கப் போகிறார்கள். 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா 1986 முதல் தங்கள் வாசலிலேயே இருப்பதை, 'அங்கே இறங்கக்கூடாது' என்ற தடையாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள்.

எனவே கல்வித்துறையும் பூங்கா நிர்வாகமும் சேர்ந்து சிலவற்றைச் செய்யலாம். தொலைதூர மாவட்டப் பள்ளிகள் முன்பதிவு செய்யும்போதே, எந்த ஐந்து விலங்குகளின் முன் நின்று எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு தாளை ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டால், அந்த மூன்று மணி நேரமும் வீணாகாது. சுற்றுலாவுக்கு முந்தைய வாரம் எங்கள் பிள்ளைகளை அரைநாள் மண்டபத்துக்கு அழைத்துச் செல்வது பள்ளிகளாலேயே முடியும். அதற்குப் பெரிய செலவில்லை. பூங்காவில் எங்கள் கடல் உயிர்களைப் பற்றியும் சொல்லலாம். அவற்றைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சென்னையில் தொட்டியில் அடைக்கச் சொல்லவில்லை. படமும் மாதிரியும் எலும்பும் போதும். பெயர்ப்பலகைகளில் பாடநூல் பெயரோடு மக்கள் வழங்கும் பெயரையும் எழுதலாம். பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை என்று எங்கள் கரையில் பிரித்தறியும் பிள்ளைக்கு, 'கடல் ஆமை' என்ற ஒற்றைச் சொல் எதையும் புதிதாகச் சொல்லிவிடப் போவதில்லை.

இவற்றுக்கெல்லாம் காலம் பிடிக்கும் என்றால், இப்போதைக்கு யானை இருக்கும் இடத்துப் பலகையில் ஒரு வரியாவது சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: 'கடலில் இதற்கு ஓர் உறவு உண்டு, அதன் பெயர் கடற்பசு, இராமநாதபுரம் கரையில் ஆவுளியா.'

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தேவிபட்டினம், இராமநாதபுரம் மாவட்டம்.