430 வெள்ளி (ரிங்கிட்) ரசீது: அண்ணனுக்கு ஒரு கடிதம்

அண்ணே,

"ரெண்டு துண்டு ரப்பர் குழாய்க்கு 430 வெள்ளியா?" என்று நேற்று போனில் கேட்டீர்கள். படகில் பாதிப் பங்கு உங்களுடையது, கேட்கலாம். ஆனால் "ஆயர் தாவாரில் ஹார்ட்வேர் கடையே இல்லையா, தோட்டத்தில் மருந்தடிக்கிற ஓஸை வெட்டிப் போட்டால் ஆகாதா" என்றீர்களே, அதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், பக்கத்தில் பிள்ளைகள் இருந்தார்கள்.

நாம் உட்கார்ந்து பாய்மரப் படகை ஓட்டுகிற பள்ளம், அதாவது காக்பிட், அதன் பின்மூலைகளில் ரெண்டு ஓட்டைகள் இருக்கின்றன. மழைத் தண்ணீரும் அலைத் தண்ணீரும் அதில் இறங்கி, குழாய் வழியாகப் படகின் வயிற்றுக்குள் புகுந்து, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உள்ள வால்வு வழியாகக் கடலுக்குப் போகும். எஞ்சின், கழிவறை, பாத்திரம் கழுவும் தொட்டி, இவற்றின் வால்வுகளை வீட்டுக்குக் கிளம்பும்போது மூடிவிடலாம். இந்த ரெண்டை மட்டும் மூட முடியாது. மூடினால் ஒரே மாலை மழையில் காக்பிட் குளமாகிவிடும். ஆகவே லுமுட் படகுத்துறையில் ஆளில்லாமல் கட்டிக் கிடக்கிற படகில், கடல் உள்ளே வராமல் இரவு பகலாகத் தடுத்துக்கொண்டிருப்பது அந்த ரப்பரும் அதைப் பிடித்திருக்கிற கிளிப்பும்தான்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் மட்டத்துக்கு ஓர் அடி கீழே ஒன்றரை அங்குல ஓட்டை இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 100 லிட்டர் உள்ளே வரும். லயத்து வாசலில் மழைத் தண்ணீர் பிடிக்க வைத்திருந்தோமே 200 லிட்டர் டிரம், அது ரெண்டு நிமிடத்தில் நிரம்பிவிடும். லுமுட் போய்ச் சேர எனக்கு அரை மணி நேரம்.

பழைய குழாயை வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, கறுப்பாக நன்றாகத்தான் இருந்தது. கையால் வளைத்தேன். தேய்ந்த சப்பாத்தின் அடிப்பாகம் போலப் பொடிப் பொடியாக வெடிப்பு விரிந்தது, ஒரு வெடிப்பில் உள்ளே சுருளாகப் போகிற கம்பியின் துருக்கறை பழுப்பாகக் கசிந்திருந்தது. கிளிப் அதைவிட மோசம். பட்டை பளபளவென்று இருக்கிறது, திருகாணி மட்டும் துருப்பிடித்துத் தூள். ஸ்குரூடிரைவரை வைத்ததும் தலை கழன்று கையோடு வந்துவிட்டது. பட்டையை நல்ல எவர்சில்வரில் செய்து, திருகாணியைச் சாதா இரும்பில் போட்டு விற்கிறார்கள் அண்ணே. இப்போது கடைக்குப் போனால் சட்டைப் பையில் காந்தம் எடுத்துப் போகிறேன். திருகாணி காந்தத்தில் பட்டென்று ஒட்டினால் வாங்குவதில்லை. ரெண்டு குழாய், நான்கு முனை, முனைக்கு ரெண்டு கிளிப், ஆக எட்டு. எல்லாம் உப்புத் தண்ணீரிலும் எளிதில் துருப்பிடிக்காத 316 ரக எவர்சில்வர். ரசீதில் பாதி அதுதான்.

கழற்றும்போது பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் வால்வின் கழுத்து உடையும். நீளவாக்கில் கத்தியால் கீறி, ஆரஞ்சுத் தோல் போல உரித்தேன். குறுக்கே ஓடும் கம்பியை மட்டும் கட்டரால் வெட்ட வேண்டும். முழங்கையில் ரெண்டு இடத்தில் தோலும் போனது. படகைக் கரையேற்றியிருந்த சமயம் என்பதால் வால்வையும் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே ரோஜா நிறமாக இருந்தால் துத்தநாகம் கரைந்துபோன பித்தளை என்று அர்த்தம், தட்டினால் உதிரும். நம்முடையது மஞ்சளாகத்தான் இருந்தது, பிழைத்தோம்.

ஒரு முட்டாள்தனமும் செய்யப் பார்த்தேன். இடது மூலைக் குழாய் வலது வால்வுக்கும், வலது மூலைக் குழாய் இடது வால்வுக்கும் போயிருந்தது. படகை நமக்கு முன்னாடி வைத்திருந்தவர் தூக்கக் கலக்கத்தில் மாட்டிவிட்டார் என்று நினைத்து, நேராகப் போடலாம், ஒரு மீட்டர் மிச்சம் என்று அளவெல்லாம் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. காற்றில் படகு இடது பக்கம் சாய்ந்தால் இடது வால்வு இன்னும் ஆழத்துக்குப் போகும், இடது மூலையும் தாழும், நேராக மாட்டியிருந்தால் கடல் அந்த வழியே மேலேறி நம் காலடியில் நிற்கும். குறுக்கே மாட்டினால் தாழ்ந்த மூலையின் குழாய், மேலே தூக்கிய பக்கத்து வால்வுக்குப் போகிறது. மனதுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பழையபடியே மாட்டினேன்.

மருந்தடிக்கிற ஓஸ் ஏன் ஆகாது என்றால், அதில் கம்பிச் சுருள் கிடையாது. வளைவில் மடங்கி அடைத்துக்கொள்ளும், எஞ்சின் சூட்டில் இளகும், கிளிப்பை இறுக்கினால் பட்டை அறுத்துவிடும். கம்பி வைத்த புதுக் குழாய் முரட்டுப் பிடிவாதம், சுடுதண்ணீரில் முனையை முக்கி, பாத்திரம் கழுவுகிற சோப்புத் தடவித்தான் ஏற்ற முடிந்தது. கிரீஸ் தடவக் கூடாது, ரப்பரைத் தின்றுவிடும்.

படகை இறக்கிய மூன்றாம் நாள் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து ஒரு காற்றுமழை அடித்தது, வீட்டுக்கு எதிரே செம்பனை மட்டைகள் விழுந்து கிடந்தன. டீ கூடக் குடிக்காமல் ஓடினேன். காக்பிட்டில் தண்ணீர் இல்லை. ஒவ்வொரு இணைப்புக்குக் கீழேயும் டிஸ்யூ விரித்து வைத்திருந்தேன், மூன்று காய்ந்திருந்தது, இடது வால்வுக்குக் கீழ் இருந்ததில் மட்டும் இருபது காசு அளவுக்கு ஈரம். அரைச் சுற்று இறுக்கி, புது டிஸ்யூ வைத்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை மறுபடி போய்ப் பார்க்கிறேன்.

உங்கள் பங்கு 215 வெள்ளி.

தம்பி