இன்றிரவு உறைபனி: எல்லோரும் கவனிக்கவும்

எல்லோருக்கும் வணக்கம். குளிருக்குப் பயந்துதான் ஃப்ளோரிடா வந்தோம். ஆனாலும் இன்று (ஜனவரி 14, புதன்) இரவு 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 0 செல்சியஸுக்குக் கீழே போகும் என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. மாலை 6 மணிக்குள் இதையெல்லாம் முடித்துவிடுங்கள்:

1. வெளியே ஹோஸ் பைப்பைக் கழற்றி, குழாயில் துணி சுற்றுங்கள். உள்ளே ஒரு குழாயை மெல்லச் சொட்ட விடுங்கள்.

2. செடிகளின் வேரில் தண்ணீர் ஊற்றி, பழைய பெட்ஷீட்டால் தரை தொட மூடுங்கள். பிளாஸ்டிக் இலையில் படக் கூடாது. போன தடவை மூடாமல் விட்ட எங்கள் செம்பருத்தி, விடிவதற்குள் வெந்த கீரை மாதிரித் துவண்டுவிட்டது. இவர் கையில் இருந்த தேநீரைக்கூடக் குடிக்காமல் அதன் பக்கத்திலேயே நின்றார்.

3. ஹீட்டரை நேரே சுவர் பிளக்கில் மாட்டுங்கள், எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். கட்டில், திரைச்சீலையிலிருந்து 3 அடி தள்ளி இருக்கட்டும். கரி அடுப்பு வீட்டுக்குள் கூடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது.

4. மரத்தடியில் இகுவானா (பெரிய ஓணான் மாதிரி இருக்கும்) விறைத்துக் கிடந்தால் தொடாதீர்கள். செத்தது போல இருக்கும். வெயில் பட்டதும் எழுந்துவிடும்.

5. நாளைக் காலை நடை 7 மணிக்கு இல்லை, 9.30க்கு.

அப்புறம், எங்களிடம் இரண்டு கம்பளி கூடுதலாக உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். படித்ததும் ‘சரி’ என்று பதில் போடுங்கள். இன்றிரவு 7 மணிக்குள் பதில் வராத வீடுகளுக்கு நாங்கள் இருவரும் நேரில் வந்து பார்ப்போம்.