லைனிங் ஜாக்கெட்டுக்கு 40 ரூபாய் ஏன் கூட்டினோம்?

கோபி, நம்பியூர், சத்தி பக்கத்து வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆடி பிறந்ததிலிருந்து லைனிங் ஜாக்கெட் தையல் கூலியில் 40 ரூபாய் கூட்டியிருக்கிறோம். கொடுக்கிற நாளும் மூன்று நாள் தள்ளிப் போகிறது. "என்னங்க, நூல் விலை ஏறிப்போச்சுங்களா?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். நூலோ துணியோ காரணமில்லை. கல்லாவில் நின்றபடி சொல்லி முடிக்கிற சேதியும் இல்லை, அதனால் இந்த மடல்.

கடையின் பின்கட்டில் இப்போது ஆறு பெண்கள் தையல் பழகுகிறார்கள். எல்லோரும் 18 வயது முடிந்தவர்கள். சிலர் ப்ளஸ் டூவோடு நின்றவர்கள், சிலர் பத்தாவதைத் தாண்டாதவர்கள். இரண்டு பேர் நூல் மில் விடுதியிலிருந்து திரும்பியவர்கள். மூன்று வருஷம் மில்லுக்குள்ளேயே தங்கி வேலை பார்த்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லிக் கூட்டிப்போவார்களே, சுமங்கலித் திட்டம், அந்த வகை. நடுவில் உடம்பு முடியாமல் வீடு திரும்பினால் அந்தத் தொகை கைக்கு வருவது சந்தேகம்தான். நம் பக்கத்தில் இதைக் கேள்விப்படாதவர்கள் குறைவு.

ஆளுக்கொரு மெஷின் வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அரசே சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் அந்த மெஷின் மேல் துவைத்த துணியை மடித்து வைத்திருக்கிற வீடுகளும் உண்டு. மிதிக்கத் தெரிந்தால் போதாது. அளவெடுக்கணும், வெட்டணும், சொன்ன தேதியில் கொடுக்கணும், கூலியைக் கூசாமல் கேட்டு வாங்கணும். இதெல்லாம் பக்கத்தில் ஒரு ஆள் இருந்து பழக்கினால்தான் வரும்.

அந்த ஆளுக்குத்தான் உங்கள் 40 ரூபாய் போகிறது.

நான் கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூர் பனியன் கம்பெனியில் கைமடியாக இருந்தவள். பவர்டேபிளில், அதாவது மோட்டாரில் ஓடும் தையல் மெஷினில், உட்காரும் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக் கொடுப்பது, மடித்து அடுக்குவது, நூல் வெட்டுவது. அவருக்குப் பீஸ் ரேட், தைத்த பீஸ் எண்ணிக்கைக்குத்தான் கூலி. எனக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிற நேரத்தில் அவர் கூலி போகும். அப்புறம் யார் சொல்லித் தருவார்கள்? மனசு இல்லாமல் இல்லை, கணக்கு இடம் கொடுக்காது. கைமடியாகவே வருஷக்கணக்கில் நிற்கிற பெண்களுக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. அதனால் நம் கடையின் இரண்டு மூத்த டெய்லர் அக்காக்களுக்கும் காலையில் சொல்லிக் கொடுக்கிற நேரத்துக்குத் தனியாக நாள்சம்பளம். அந்த நேரத்தில் உங்கள் துணி மேஜை ஏறாது. மூன்று நாள் தள்ளிப்போவதும் இதனால்தான்.

முதலில் நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளில் ஊசி ஓட்டச் சொல்வோம். கோட்டை விட்டு விலகாமல் திருப்ப வந்த பிறகே துணி. பின்பு கொக்கி, ஃபால்ஸ், ஓரம் மடிப்பு. கை ஏற்றுவதில்தான் எல்லோரும் சிக்கிக்கொள்வார்கள். கைத்துண்டில் முன்பக்கக் குழிவு அதிகம், பின்பக்கம் குறைவு. மாற்றி ஏற்றினால் கையைத் தூக்கும்போது அக்குளில் இழுக்கும். அக்கா அதைத் தானே சரி செய்ய மாட்டார். "அம்மிணி, நீயே பிரி" என்று பிளேடைக் கையில் கொடுப்பார். உங்கள் பட்டு ஜாக்கெட்டை அவர்கள் இப்போதைக்குத் தொடுவதில்லை, பயப்பட வேண்டாம். சாதா ஜாக்கெட்டும் அக்கா பார்வைக்குப் பிறகே கல்லாவுக்கு வரும். பிடிப்பு சரியில்லை என்றால் கொண்டு வாருங்கள், காசில்லாமல் சரி செய்து தருவோம். பாவம் என்று விட்டுவிடாதீர்கள், அது அவர்களுக்கு உதவியாகாது.

பயிற்சிக் காலத்திலும் சம்பளம் உண்டு. அது அவரவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான் போகும். "எங்கிட்டயே குடுத்துடுங்க" என்று அப்பாவோ அண்ணனோ வந்து நின்றாலும் சரி, கையில் தருவதில்லை. இதில் சிலருக்கு எங்கள் மேல் வருத்தம். இருக்கட்டும்.

2021இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்தப் பெண்கள் தினமும் வந்துபோக முடிவதே அதனால்தான். ஆகவே சாயங்காலம் பஸ் நேரத்துக்கு அவர்கள் கிளம்பிவிடுவார்கள். "இன்னொரு அஞ்சு நிமிஷம், கொக்கி மட்டும் வச்சுக் குடு" என்று தயவுசெய்து நிறுத்த வேண்டாம். அந்தப் பஸ்ஸை விட்டால் இருட்டில் நடக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறோம். அளவு கொடுக்க நிற்கும்போது, "யாரூட்டுப் புள்ள? என்ன ஆளுங்க? அப்பன் என்ன பண்றான்?" என்று விசாரிக்காதீர்கள். அன்பாகத்தான் கேட்கிறீர்கள், தெரியும். ஆனால் ஒரே நாளில் நாலு பேருக்கு அந்தக் கதையைச் சொன்ன பெண் மறுநாள் வேலைக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம், அதைப் பேசுங்கள்.

தெரிந்த பெண் யாராவது இருந்தால் அனுப்புங்கள். 18 முடியாதவர் என்றால் நாங்கள் வேலைக்கு எடுப்பதில்லை, பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப என்ன வழி என்று பார்ப்போம். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் ப்ளஸ் டூ வரை படித்த பெண் கல்லூரியிலோ ஐடிஐயிலோ சேர்ந்தால், 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அப்படிப்பட்டவரை முதலில் அங்கே போகச் சொல்வோம், தையலை லீவில் பழகிக்கொள்ளலாம். வயசு வராத பெண்ணுக்குக் கல்யாண ஏற்பாடு நடக்கிறது என்று தெரிந்தால் எங்களிடம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள்.

ஆவணி முகூர்த்தத்துக்கான துணிகளை இப்போதே கொடுத்தால் நல்லது. தீபாவளி உருப்படிகள் புரட்டாசி முடிவதற்குள் வந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு தேதி சொல்ல முடியாது. அளவு ஜாக்கெட்டை மறக்காமல் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தையல்கடை,
கோபிசெட்டிபாளையம்