பஸ்ஸா ரயிலா என்று கேட்டாயே

மேலூர்,
ஆனி 20

அன்பு மாப்ளைக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீயும் என் தங்கச்சியும் பேரப்பிள்ளைகளும் சுகம்தானே. பெரம்பூரில் மழை என்று டிவியில் சொன்னார்கள். இங்கே ஒரு பொட்டு இல்லை. பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் விட்டால்தான் நாற்றுப் பாவலாமா வேண்டாமா என்று யோசிக்கவே முடியும். கடைமடைக்காரன் பாடு உனக்குத் தெரியாததா.

என் பேரன் காதுகுத்துக்குப் பஸ்ஸில் வரவா ரயிலில் வரவா என்று போனில் கேட்டாய். 'ரயிலில் வா' என்று அப்போதே சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் நாற்பது வருடமாகப் பஸ் கட்சியில் இருந்தவன் நான். திடீரென்று கட்சி மாறினால் காரணம் கேட்காமல் விடுவாயா நீ? அந்தக் காரணத்தைப் போனில் சொல்ல முடியவில்லை. என் வீட்டுக்காரியான உன் தங்கச்சி பக்கத்திலேயே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அதனால்தான் கடிதம்.

நான் ஏன் பஸ் கட்சி என்பது உனக்குத் தெரியும். மேலூர்க்காரன் வேறு எந்தக் கட்சியில் இருக்க முடியும்? மதுரையிலிருந்து திருச்சி போகும் ரோடு நம் வாசலை ஒட்டிப் போகிறது. ரயில் பிடிக்க வேண்டுமென்றால் சென்னைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முப்பது கிலோமீட்டர் பின்னால் போக வேண்டும். மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கி, டவுன் பஸ் ஏறி, பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஜங்ஷனுக்கு நடக்க வேண்டும். ஏறிய ரயிலும் நேரே வடக்கே போகுமா என்றால் அதுவும் இல்லை. திண்டுக்கல்லைச் சுற்றிக்கொண்டு மணப்பாறை வழியாகத் திருச்சிக்குப் போகும். நாம் பஸ்ஸில் திருச்சியைத் தொடும் நேரத்தில் ரயில்காரன் மதுரை ஜங்ஷனில் டீ குடித்துக்கொண்டிருப்பான். மேலூர் வழியாகக் காரைக்குடிக்கு ரயில் பாதை என்ற பேச்சை எத்தனையோ வருடமாகக் கேட்டாயிற்று. ஒரு ஜல்லிக்கல்கூட இன்னும் விழவில்லை.

ரயில் மேல் எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. 1977-இல் வைகை எக்ஸ்பிரஸ் விட்டபோது அதைப் பார்ப்பதற்கென்றே நாம் இரண்டு பேரும் சைக்கிளில் மதுரைக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது மீட்டர் கேஜ். காலையில் மதுரையில் ஏறினால் வெயில் தாழ்வதற்குள் எழும்பூர் என்றார்கள், நம்பவே முடியவில்லை. பிறகு இன்டர்வியூவுக்குப் போகையில் விழுப்புரத்தில் கரண்ட் எஞ்சின் மாட்டும் வரை நீ பிளாட்பாரத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, கிளம்புகிற வண்டியில் ஓடி வந்து தொற்றினாய். உன் சட்டைப் பையில்தான் என் டிக்கெட்டும் இருந்தது. அந்தப் பத்து நிமிஷ வயிற்றெரிச்சலுக்குத்தான் நான் பஸ்ஸுக்கு மாறினேன் என்றுகூடச் சொல்வேன்.

பஸ்ஸுக்கு ஒரு பெருமை உண்டு, அதை இன்றைக்கும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். துக்கச் செய்திக்கு ரயில் கிடையாது. தாம்பரத்தில் அத்தை இறந்த அன்று செய்தி வரும்போது ராத்திரி பதினொன்றேகால். பாண்டியன் எக்ஸ்பிரஸ் போய் இரண்டு மணி நேரம் ஆகிறது. அடுத்த நாள் வைகையில் போனால் எல்லாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேருவோம். நானும் உன் தங்கச்சியும் பைபாஸ் பாலத்துக்குக் கீழே போய் நின்றோம். நான்கு வழிச்சாலை வந்த பிறகு ராத்திரி பஸ்கள் ஊருக்குள் வருவதில்லை. கை காட்டினால் நிறுத்துவானா என்பதும் அவன் இஷ்டம். மூன்றாவதாக வந்த அரசு பஸ் நின்றது. கண்டக்டர் டார்ச்சை எங்கள் பக்கம் அடித்தார். கையில் பெட்டி இல்லை, உன் தங்கச்சி முகம் வீங்கியிருந்தது. எங்கே போகிறீர்கள் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பையனை எழுப்பிப் பின்னால் அனுப்பிவிட்டு எங்களை உட்காரவைத்தார். காலை ஏழரைக்கு அத்தை முகத்தைப் பார்த்துவிட்டோம். ரயிலில் இது நடக்குமா சொல்.

சரி, கட்சி மாறிய கதைக்கு வருகிறேன்.

போன மாசியில் மகன் வீட்டுக்குப் போனோம். ராத்திரிப் பஸ். யாருடைய பஸ் என்பது வேண்டாம், எந்தப் பஸ்ஸாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். எனக்கு இப்போது சர்க்கரை, பிரஷருக்கு ஒரு மாத்திரை, போதாததற்கு வயசுக்காரர்களுக்கு வரும் அந்தப் புராஸ்டேட் சுரப்பி வீக்கமும் சேர்ந்துகொண்டது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருதரம் ஒன்றுக்குப் போக எழுந்தாக வேண்டும். விராலிமலையிலேயே லேசாகத் தொடங்கிவிட்டது. சமயபுரம் டோல்கேட்டில் பஸ் வரிசையில் நின்றபோது இறங்கிவிடலாமா என்று பார்த்தேன், கதவு திறக்கவில்லை. பெரம்பலூர் தாண்டியதும் எழுந்து டிரைவர் கேபினுக்குப் போய்ச் சொன்னேன். "ஓட்டல்ல நிப்பாட்டுவோம் சார், போய் உக்காருங்க" என்றார். ஓட்டல் எவ்வளவு தூரம் என்றேன். "அரை மணி நேரம்." தொழுதூர் போயிற்று, அரை மணி நேரம் முடியவில்லை. பச்சைப் பலகையில் உளுந்தூர்பேட்டைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பல்லைக் கடித்தால் அடங்கும் என்று சொன்னவன் யாரோ தெரியவில்லை, அவனுக்கு இந்த வியாதி வந்திருக்காது.

வேப்பூருக்கு முன்னால் மறுபடி போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் டிரைவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். ஓரமாக நின்றிருந்த ஒரு லாரிக்குப் பின்னால் நிறுத்தினார். நான் இறங்கினேன். எனக்காகவே காத்திருந்ததுபோல எனக்குப் பின்னால் ஆறேழு ஆம்பிளைகள் இறங்கினார்கள். அதில் இருபத்தைந்து வயதுப் பையனும் உண்டு. பள்ளிக்கூட ரீசஸ் மாதிரி வரிசையாக நின்றோம், போகிற வருகிற வண்டி வெளிச்சமெல்லாம் எங்கள் மேல்தான். திரும்பி ஏறும்போதுதான் அதைப் பார்த்தேன். மூன்றாவது சீட்டில் ஒரு பெண், நம் பிள்ளைகள் வயதுதான், செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து படிக்கட்டு வரை வந்தது. வெளியே எட்டிப் பார்த்தது. ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது.

சீட்டுக்கு வந்து உன் தங்கச்சியிடம் கேட்டேன், "நீ எப்படித்தான் சமாளிக்கிறாய்?" என்று. அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "பஸ்ஸுன்னா மத்தியானத்தோட தண்ணிய நிப்பாட்டிருவேன்" என்றாள். எப்போதிலிருந்து என்றேன். "கல்யாணம் ஆனதுலேருந்துதான்."

அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை மாப்ள. அத்தை இறந்த ராத்திரியிலும் அவள் தண்ணீர் குடித்திருக்க மாட்டாளா என்று யோசித்துக்கொண்டே போனேன். அந்த ஓட்டல் விக்கிரவாண்டிக்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்தது. ஒலிபெருக்கியில் குத்துப்பாட்டு, ஆறிப்போன புரோட்டா, கழிப்பறை வாசலில் மேஜை போட்டுப் பத்து ரூபாய் வாங்க ஓர் ஆள். பெண்கள் பக்கம் போன உன் தங்கச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு உடனே திரும்பி வந்துவிட்டாள். "கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல பாத்துக்கிறேன்" என்றாள்.

இப்போது உன் விஷயம். என் வயிற்றை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாலும் உனக்கு ரயில்தான். கோயம்பேட்டிலிருந்து பஸ் கிளம்பிய காலத்தில் பெரம்பூரிலிருந்து நீ ஆட்டோவில் போய்விடுவாய். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்த பிறகு தெற்கே வருகிற வண்டி பெரும்பாலும் அங்கிருந்துதான். வண்டலூர் தாண்டிப் போய் ஏறுவதற்குள் உனக்குப் பாதித் தூக்கம் போயிருக்கும். அதையும் பயணத்தில் சேர்க்காமல், பஸ் எட்டு மணி நேரம் என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான். உனக்கு எழும்பூர் பக்கம். எனக்குப் பைபாஸ் பக்கம். நாற்பது வருடமாக நாம் போட்ட சண்டையெல்லாம் இவ்வளவுதான் போலிருக்கிறது, யார் வீட்டுக்கு எது பக்கம் என்று.

படுக்கை வசதியுள்ள தனியார் பஸ்ஸில் வரலாமே என்று உன் மருமகன் சொல்வான். என் மகனும் அதைத்தான் சொல்கிறான். படுக்கலாம், வாஸ்தவம். ஆனால் வளைவுக்கு வளைவு உருண்டுகொண்டே படுக்க வேண்டும். போதாததற்குத் தீபாவளி சமயத்தில் ஒரு சீட்டுக்கு என் மகன் கொடுத்த பணத்தைக் கேட்டால் உனக்குப் பிரஷர் ஏறும். நம் பாண்டியனில் ஸ்லீப்பருக்கு 350 ரூபாய்க்குள்தான் வரும். ராத்திரி முழுக்க ஒரு மனுஷனின் இரண்டு கண்ணை நம்பித் தூங்குவதும் எனக்கு இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது. திருச்சி ரோட்டில் விடிகாலை மூன்று மணிக்கு நிற்கிற லாரிகளை நீ பார்த்திருக்கிறாய்.

ரயிலுக்கு ஒரே தொல்லை டிக்கெட்தான். முன்பு மாதிரி நான்கு மாதம் முன்னால் எடுக்க முடியாது. 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். உன் தேதிக்கு அடுத்த வாரம் திறக்கும், காலை எட்டு மணிக்கு. எட்டேகாலுக்கு உட்கார்ந்தால் வெயிட்டிங் லிஸ்ட்தான். தட்கலில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதே. ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொரு மணி, ஒரு நாள் முன்னால். ரயில் டிக்கெட் எடுக்கும் கணக்கில் ஆதாரை இணைத்திருக்கவும் வேண்டும். அந்த ஐந்து நிமிஷத்தில் நம் விரல் போகிற வேகத்துக்கு ஒன்றும் கிடைக்காது.

இன்னொன்று. நீயும் தங்கச்சியும் தனியாக ஒரு டிக்கெட், மகள் குடும்பத்துக்கு வேறு டிக்கெட் என்று எடு. எல்லாரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் கீழ் பெர்த் கேட்க முடியாது. அந்த ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு பேர்தான். ஆம்பிளைக்கு அறுபது, பொம்பளைக்கு நாற்பத்தைந்து ஆகியிருக்க வேண்டும். தங்கச்சி முழங்காலை வைத்துக்கொண்டு மேல் பெர்த்துக்கு ஏறுவது நடக்காத காரியம். கட்டணச் சலுகை மட்டும் கிடையாது. அறுபது ஆன ஆம்பிளைகளுக்கு நாற்பது சதவீதம் குறைத்துக்கொண்டிருந்ததை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், நமக்கு அறுபது ஆவதற்குச் சரியாக ஒரு வருடம் முன்னால். நம் ராசி அப்படி.

ஆர்ஏசி, அதாவது உட்கார இடம் மட்டும் உறுதியான டிக்கெட், வந்தாலும் வந்துவிடு. பக்கவாட்டுக் கீழ் சீட்டில் இரண்டு பேரும் எதிரும் புதிருமாகக் காலை நீட்டிக்கொள்ளலாம். வேற்று ஆளோடு என்றால்தான் கஷ்டம்.

திரும்பிப் போகும்போது அவசரம் இல்லையென்றால் பகல் வண்டியில் போ. தேஜஸ் மதியம் மூன்று மணிக்குக் கிளம்புகிறது, வியாழக்கிழமை மட்டும் கிடையாது. வந்தே பாரத்தும் இருக்கிறது, காசு கூட. நானாக இருந்தால் வைகைதான். போகும்போது வலது பக்க ஜன்னலைக் கேள். சோழவந்தான் தென்னந்தோப்பு முடிந்து கொடைரோடு தாண்டினதும் சிறுமலை கூடவே வரும். ஸ்ரீரங்கத்துக்கு முன்னால் ஒரு பாலம் காவிரி, பின்னால் ஒரு பாலம் கொள்ளிடம். ஆவணியில் தண்ணீர் இருக்கும் என்று நினைக்கிறேன். தங்கச்சிக்கு மணப்பாறை முறுக்கு வாங்கிக்கொடு, பகலில்தான் அது கிடைக்கும். வரும்போது அந்த ஸ்டேஷனை நீ தூக்கத்தில் தாண்டிவிடுவாய்.

காதுகுத்து அழகர்கோவிலில்தான். முடி இறக்கிவிட்டு, பதினெட்டாம்படியானைக் கும்பிட்டுவிட்டு, மண்டபத்தில் சாப்பாடு. தாய்மாமன் மடி என் மகனுடையது, அவன் இப்போதே பயந்துபோயிருக்கிறான், பேரன் உதைப்பான் என்று. கிடாய் இரண்டு சொல்லிவைத்திருக்கிறேன்.

டிக்கெட் கிடைத்ததும் கோச் நம்பரை எழுது. விடிகாலை ஐந்தரைக்குள் வண்டி வந்துவிடும். ஜங்ஷனுக்கு நானே வருகிறேன், பக்கத்து வீட்டுத் தம்பியின் கார் சொல்லியாயிற்று. வெளியே வந்ததும் நேரே மேலூர் போக வேண்டாம். உன் தங்கச்சி ஃப்ளாஸ்க்கில் காப்பி போட்டுத் தருவாள், ஆனால் நான் டவுன் ஹால் ரோட்டில் நின்று ஒரு காப்பி குடிக்காமல் நகர மாட்டேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. வேப்பூர் விஷயம் தங்கச்சிக்குத் தெரிந்தால் இங்கே போன் வந்துவிடும்.

அன்புடன்,
உன் மச்சான்